ஏடு புரட்டலும் திரைப் புரட்டலும்: செஞ்சி வரலாற்றுச் சான்றுகளை முன்வைத்து மின்வழிக் கற்றலில் பக்கப்புரட்டு விளைவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மின்வழிப் பாடங்களில் நூலின் பக்கத்தைக் கையால் புரட்டுவது போன்ற தோற்றத்தை உருவாக்கும் உத்தி ஏறத்தாழ முப்பதாண்டு வரலாறு உடையது. இவ்வுத்தி தைத்துக் கட்டிய நூல் என்ற ஒரே வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தது. செஞ்சிக் கோட்டையின் வரலாற்றை எழுதப் பயன்பட்ட சான்றுகளோ ஓலைச்சுவடி, தாள் கையெழுத்துப்படி, பாரசீக நூல், பிரெஞ்சு நினைவுக்குறிப்பு, பெரிய எழுத்துக் கதைப்புத்தகம், பல்கலைக்கழக வெளியீடு எனப் பல வடிவின. அவை யாவும் திரையில் ஒரே முறையில் புரளும்போது எது இழக்கப்படுகிறது என்பதையும், அவ்விழப்பு தொழில்நுட்பத்தால் நேர்வதா வழக்கத்தால் நேர்வதா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, ஓலைச்சுவடி, பக்கப்புரட்டு விளைவு, மின்வழிக் கற்றல், மெக்கன்சி சுவடிகள், எண்ணிம நூலகம்.

முன்னுரை

2025 ஜூலையில் யுனெசுகோவின் உலக மரபுக்குழு ‘இந்தியாவின் மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்து எழுந்த மதில்களைப் பற்றிப் பாடம் அமைப்போரும் மெய்ந்நிகர் உலா அமைப்போரும் இனிப் பெருகுவர் என எதிர்பார்க்கலாம். கல்லாலான கோட்டையைத் திரையில் காட்டுவதில் உள்ள இடர்கள் பரவலாக விவாதிக்கப்பட்டுள்ளன. அக்கோட்டையைப் பற்றிய எழுத்துச் சான்றுகளைத் திரையில் எவ்வாறு காட்டுவது என்னும் வினா அந்த அளவு எழுப்பப்படவில்லை. பாடம் அமைப்போர் பெரும்பாலும் அதற்கு ஆயத்தமான ஒரு விடையை எடுத்துக்கொள்கின்றனர். சான்றை ஒளிப்படமாக்கி, நூல்போல் அடுக்கி, மூலையைப் பிடித்து இழுத்தால் பக்கம் வளைந்து புரளுமாறு செய்துவிடுவதே அவ்விடை. அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

திரைப் புரட்டலின் தோற்றம்

பிரிட்டிசு நூலகம் 1990களின் இறுதியில் தன் காட்சிக்கூடத்தில் அமைத்த ‘டர்னிங் த பேஜஸ்’ என்னும் திட்டம் இவ்வுத்தியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த முன்னோடி முயற்சியாகும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே விரிப்பில் திறந்து கிடக்கும் அரிய நூலின் ஏனைய பக்கங்களைப் பார்வையாளர் காண வழியில்லை என்னும் அருங்காட்சியகக் குறையே இத்திட்டத்திற்கு வித்திட்டது. தொடுதிரையில் விரலை இழுத்தால் பக்கம் புரண்டது. லிண்டிசுபார்ன் நற்செய்தி நூல், லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடு முதலியன அவ்வாறு காட்டப்பட்டன.

இத்திட்டத்தில் இடம்பெற்ற மற்றொரு சான்று இங்குக் கருதத்தக்கது. கி.பி. 868ஆம் ஆண்டு நாளிடப்பட்ட சீன அச்சுப்படியான வச்சிரச் சூத்திரம் ஒரு தாட்சுருள். திட்டத்தை வடிவமைத்தோர் அதைப் பக்கங்களாக வெட்டிப் புரட்டவில்லை. சுருளைச் சுருளாகவே விரியச் செய்தனர். வடிவத்திற்கேற்ப அசைவு மாறவேண்டும் என்னும் தெளிவு தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்று. பின்வந்த மலிவான பொதுக் கருவிகளில்தான் அத்தெளிவு மறைந்தது.

அக்கருவிகளைப் பரப்பியது பிளாசு என்னும் மென்பொருள். 1996இன் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்த இது, 2005இல் அடோபியிடம் சென்றது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் இணையப் பாடங்களில் ‘புரளும் புத்தகம்’ ஓர் அலங்காரமாகவே நிலைபெற்றது. அதன் உள்ளியக்கம் எளிய வடிவகணிதம். வாசகர் பக்கத்தின் மூலையைப் பிடித்து ஓரிடத்திற்கு இழுக்கிறார். மூலை முதலில் இருந்த இடத்தையும் இப்போது சுட்டி நிற்கும் இடத்தையும் இணைக்கும் கோட்டின் மையச் செங்குத்துக் கோடே மடிப்புக்கோடு. அக்கோட்டிற்கு அப்பால் உள்ள பகுதி கண்ணாடி எதிருருவாகத் திருப்பப்பட்டு, அதன்மேல் பின்பக்கத்தின் படம் ஒட்டப்படுகிறது. மடிப்பை ஒட்டிச் சாயல்நிழல் ஒன்று இடப்படும். தாள் வளைவதாகக் கண் நம்புவது பெரிதும் அந்நிழலால்தான்.

2010இல் ஐபேடுடன் வெளிவந்த ஐபுக்சு செயலியின் சுருளும் பக்கம் இவ்வுத்திக்குப் புதிய மதிப்பைத் தந்தது. அதற்குப் பின் பிளாசு தேவைப்படாத வழிகள் பெருகின. இன்றைய உலாவியில் ஒவ்வோர் இதழும் முன்முகம், பின்முகம் என இரு முகங்கள் கொண்ட ஒரு தட்டு. நூலின் முதுகை ஒட்டிய செங்குத்துச் சுழலச்சில் அது 0 பாகையிலிருந்து 180 பாகை வரை திரும்பும். 90 பாகையைக் கடக்கும்போது முன்முகம் மறைந்து பின்முகம் தோன்றும். ஸ்டோரிலைன் போன்ற பாட உருவாக்கக் கருவிகளில் இவ்வாறு ஆயத்தமான நூலை ஒரு வலைப்பொருளாக உட்பொதிக்க முடியும்.

31 டிசம்பர் 2020 அன்று அடோபி நிறுவனம் பிளாசுக்கான ஆதரவை நிறுத்தியது. 12 சனவரி 2021 முதல் அதன் இயக்கியே பிளாசு உள்ளடக்கத்தைத் தடுத்தது. பிளாசில் மட்டுமே இருந்த புரளும் நூல்கள் அன்றோடு புரளாமல் நின்றன. முந்நூறு ஆண்டு தாங்கிய ஓலையைப் பற்றிய பாடம் பதினைந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை என்பது இவ்வரலாற்றின் நகைமுரண். தமிழுக்கு இழப்பு இருமடங்கானது. அக்காலத் தமிழ் உள்ளடக்கம் பல வேளைகளில் 1999இல் தரப்படுத்தப்பட்ட தாம், தாப் முதலிய எழுத்துருக் குறியேற்றங்களிலோ வெறும் படமாகவோ அமைந்தது. ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010இல்தான். ஆகவே அசைவு போனபின் எஞ்சிய எழுத்தையும் எளிதில் மீட்க இயலாத நிலை உருவானது.

மூன்று திசைகளில் புரளும் வரலாறு

செஞ்சியின் அரசியல் வரலாறு பல கைகள் மாறிய வரலாறு. கோன் மரபினர் தொடங்கியதாக மரபு கூறும் கோட்டை, விசயநகரச் சார்பு நாயக்கர், பீசப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாசி, 1698இல் முகலாயர், பின் ஆர்க்காட்டு நவாபுகள், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கைமாறியது. ஒவ்வொரு கையும் தன் எழுத்தைத் தன் வடிவில் விட்டுச்சென்றது.

1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகைக்குப் பாரசீக மொழியில் சான்று தருபவர்களுள் பீம்சேன் முதன்மையானவர். புந்தேலத் தலைவன் தளபத் ராவின் பணியில் இருந்து முற்றுகையை நேரில் கண்டவர் அவர். அவருடைய ‘தாரிக்கே தில்குஷா’ பாரசீக வழக்கப்படி வலப்புறமிருந்து தொடங்கும் நூல். அதன் இதழ் இடமிருந்து வலமாகப் புரளும். புதுச்சேரியின் பிரான்சுவா மார்த்தேன் எழுதிய நினைவுக்குறிப்புகள் சிவாசியின் தென்னகப் படையெடுப்பிற்குச் சமகாலச் சான்று. அது ஐரோப்பிய நூல். வலமிருந்து இடமாகப் புரளும். ஓலைச்சுவடி இவ்விரு வகையிலும் அடங்காது.

ஓலையில் எழுத்து நீளவாட்டில் ஓடும். துளையில் கயிறோ நாராசமோ கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். படிப்பவர் ஓலையின் கீழ்விளிம்பைத் தூக்கி மேற்புறமாகக் கவிழ்ப்பார். அதாவது சுழலச்சு கிடையானது. கவிழ்த்தபின் மறுபக்க எழுத்து நேராக நிற்குமாறே எழுதுபவர் எழுதியிருப்பார். இடப்பக்கம், வலப்பக்கம் என்னும் இணை ஓலையில் இல்லை. இருப்பது முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே. ஏட்டெண் தென்னாட்டு வழக்கில் பெரும்பாலும் முன்பக்கத்து இடஓரத்தில் தமிழ் எண்ணுருவில் அமையும். எண் பக்கத்திற்கு அன்று, ஏட்டிற்கு. இதனால்தான் சுவடிப் பதிப்பாளர் ‘ஏடு 12, பின்பக்கம்’ என்னும் முறையில் குறிப்பிடுகின்றனர்.

செஞ்சிக்கு அண்மையில் உள்ள மேல்சித்தாமூர்ச் சமண மடம் ஓலைச்சுவடிகளைப் பேணிவரும் இடங்களுள் ஒன்று. சற்றே தொலைவில் உள்ள புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வைத்திருக்கும் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆகவே செஞ்சிப் பகுதி மாணவருக்கு ஓலைச்சுவடி தொலைதூரப் பொருள் அன்று. பேருந்தில் சென்று காணத்தக்க அண்மையில் உள்ளது. அம்மாணவர் திரையில் காணும் ஓலை ஆங்கில நாவல்போல வலமிருந்து இடமாக, நடுவில் முதுகு வைத்துப் புரளுமாயின், நேரில் காணும்போது அவருடைய கை தவறாகவே நகரும். இது சிறு குறை என ஒதுக்கத்தக்கதன்று. சுவடியியலில் ஏடு பிறழ்வை இனங்காண்பது, முன்பக்க எழுத்துக்கும் பின்பக்க எழுத்துக்கும் தொடர்பு காண்பது, துளையின் இடத்தை வைத்துக் கட்டு மாறிய ஓலையைப் பிரித்தறிவது ஆகியவை யாவும் ஓலை எவ்வாறு கவிழ்கிறது என்னும் அறிவிலிருந்து தொடங்குபவை.

இக்குறை தொழில்நுட்பத்தின் எல்லையால் நேர்வது என வாதிட இடமில்லை. மேற்கூறிய உலாவி முறையில் செங்குத்துச் சுழலச்சைக் கிடைச் சுழலச்சாக மாற்ற ஓரிரு வரிகளைத் திருத்தினால் போதும். பின்முகப் படத்தையும் அதே அச்சில் திருப்பி வைத்தால் ஓலை ஓலையாகவே கவிழும். ஆயத்தக் கருவிகள் அத்தெரிவைத் தராமையும், பாடம் அமைப்போர் அதைக் கேளாமையுமே காரணம்.

நாராயணன் பிள்ளையின் சரித்திரமும் சீனிவாசாச்சாரியின் அடிக்குறிப்புகளும்

செஞ்சியைப் பற்றித் தமிழில் எழுந்த விரிவான உள்ளூர் வரலாறு ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் பிள்ளை, ஆர்க்காட்டில் ஆணையராக இருந்த மக்லியட் கேட்டுக்கொண்டதற்கிணங்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தொகுத்தார். ஆனந்தக் கோன், கிருட்டிணக் கோன் முதலியோரைப் பற்றிய மரபுச் செய்திகள் பரவலாக வழங்குவதற்கு இந்நூல் முதன்மைக் காரணம். இதன் படி காலின் மெக்கன்சி தொகுப்புகளுள் இடம்பெற்றது. 1821இல் மெக்கன்சி இறந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. அதன் தென்னிந்திய மொழிப் பகுதி பின்னர்ச் சென்னைக்கு வந்து அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் அடித்தளமாயிற்று.

அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் சி.எசு. சீனிவாசாச்சாரி 1943இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட செஞ்சி வரலாறு இச்சரித்திரத்தைப் பரவலாகப் பயன்படுத்தியது. அந்நூலின் உயிர் பெரிதும் அதன் அடிக்குறிப்புகளில் உள்ளது. மேலே தொடர்ச்சியான கதை ஓடும். கீழே அக்கதையை ஐயுறும், திருத்தும், பிற சான்றோடு உரசிப்பார்க்கும் குறிப்புகள் நிற்கும். ஒரே பக்கத்தில் இரு குரல்கள் ஒலிக்கும் இவ்வமைப்பை, எழுத்து தானே ஓடி நிரம்பும் மின்னூல் வடிவம் சிதைத்துவிடுகிறது. அவ்வடிவில் அடிக்குறிப்பு இயலின் இறுதிக்கு ஓடிப்போகும். மாணவர் அங்குச் செல்வது அரிது. பக்கத்தைப் படமாகவே வைத்துப் புரட்டும் முறை இங்கு உண்மையான பயன் தருகிறது. பக்க எண் மாறாது. மேற்கோள் காட்டல் சரியாக நிற்கும். குறிப்பு கதையின் காலடியிலேயே இருக்கும். பக்கப்புரட்டு விளைவை வெறும் அலங்காரம் என முற்றாக மறுப்போர் இதனைக் கருதவேண்டும்.

இந்தியாவின் எண்ணிம நூலகத் திட்டத்தில் வருடப்பட்டு இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் பழைய நூல்களை அக்காப்பகத்தின் படிப்பான் இரட்டைப் பக்கமாக விரித்துப் புரட்டுகிறது. வருடும்போது முகப்பிலோ இடையிலோ ஒரு வெற்றுப்பக்கம் விடுபட்டிருந்தால் அதன் பின் வரும் ஒற்றைப்படைப் பக்கங்கள் யாவும் இடப்புறம் அமையும். எதிரெதிர்ப் பக்கங்களாக அச்சிடப்பட்ட வரைபடமும் விளக்கமும் அப்போது பிரிந்துபோகும். புரளும் அழகில் மயங்கிய கண் இதைக் கவனிப்பதில்லை. இரட்டைப் பக்கத்தைக் காட்டுவது நூலின் அமைப்பைப் பற்றிய ஒரு கூற்று; அக்கூற்று பிழைபடலாம்.

தேசிங்குராசன் கதை: கேட்போர் இல்லாத திரை

1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட தேசிங்கின் கதை பெரிய எழுத்துப் புத்தகமாகத் தமிழகத்தில் பலமுறை அச்சாகியது. மலிந்த தாளில், பருத்த எழுத்தில் வெளிவந்த இவ்வகைப் புத்தகங்களை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர். பக்கம் புரட்டும் கணம் படிப்பவர் மூச்சு வாங்கும் கணமாகவும் இருந்தது. இத்தகைய நூலுக்குத் தாள் சலசலக்கும் ஓசையை மட்டும் சேர்த்துவிட்டுப் படிப்போலியைச் சேர்க்காத மின்பாடம், வேண்டாததைக் காத்து வேண்டியதை விட்டதாகும்.

புரட்டியது படித்ததாகுமா?

மின்வழிக் கல்வித்துறையில் ‘பக்கம் புரட்டி’ என்பது ஓர் இகழ்ச்சிச் சொல்லாகவும் வழங்குகிறது. ‘அடுத்து’ என்னும் பொத்தானை அழுத்தி அழுத்தி முடிவை எட்டும் பாடத்தை அது குறிக்கும். ஸ்கார்ம் போன்ற தரங்களின்படி அமைந்த பாடம் மாணவரின் நிலையை ‘நிறைவு’, ‘நிறைவுறாதது’ எனக் கற்றல் மேலாண்மை அமைப்புக்குத் தெரிவிக்கும். எது நிறைவு என்பதைப் பாடம் அமைப்பவரே முடிவு செய்கிறார். இறுதிப் பக்கம் புரண்டதும் ‘நிறைவு’ எனப் பதிவாகுமாறு அமைப்பதே எளிது என்பதால் பலரும் அவ்வாறே செய்கின்றனர்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அனுபவம் இதற்கு மாற்றாக நிற்கிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய அந்நிறுவனத்தின் பாடங்கள் புரளும் நூலாக அமையவில்லை. பாடத்தைச் சிறு பிரிவுகளாகப் பகுத்து, இடையிடையே ‘தன் மதிப்பீடு’ என்னும் வினாக்களை வைத்தன. தோற்றத்தில் எளிய அவ்வமைப்பு பிளாசு மறைந்த பின்னும் படிக்கத்தக்கதாக நிற்பது தற்செயலன்று. எழுத்து எழுத்தாக இருந்ததே காரணம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே வழியைத் தேர்ந்தது. அக்கழகம் 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகம் பக்கப் படங்களின் வழி நூல்களை வழங்குகிறது. இரு வழிகளும் இரு தேவைகளுக்கு உரியவை. ஒன்றன் இடத்தை மற்றொன்று நிரப்பாது.

படமாக மட்டும் புரளும் பக்கம் பார்வையற்ற மாணவருக்கு ஊமை. திரைபடிப்பான் படிப்பதற்கு அதன் அடியில் எழுத்து வடிவம் இல்லை, தேடவும் இயலாது. மூலையைப் பிடித்து இழுக்கவேண்டும் என்னும் கட்டாயம் கைநடுக்கம் உடையவர்களை விலக்கும். 2023இல் வெளிவந்த வலை உள்ளடக்க அணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, இழுத்தல் இன்றியமையாததாக இல்லாதவரை, இழுத்துச் செய்யும் செயலுக்கு இழுக்காமல் செய்யும் மாற்றுவழி வேண்டும் என விதிக்கிறது. அசைவு தலைச்சுற்றலை உண்டாக்கும் நபர்களுக்காகச் சாதனத்திலேயே ‘அசைவைக் குறை’ என்னும் அமைப்பு உண்டு. நன்கு எழுதப்பட்ட புரட்டு நிரல் அதைக் கேட்டறிந்து வெறும் மாற்றமாகச் சுருங்கும்.

வரிசை யாருடையது?

ஓலைச்சுவடியைப் புரளும் நூலாக ஆக்கும்போது எழும் கடினமான சிக்கல் அசைவைப் பற்றியதன்று, வரிசையைப் பற்றியது. தைத்த நூலில் பக்க வரிசை தையலால் உறுதிப்பட்டது. ஓலைக்கட்டில் கயிறு அவிழ்ந்தால் வரிசை கலையும். ஓரம் உடைந்தால் ஏட்டெண் போய்விடும். பின்வந்தவர் தம் புரிதலுக்கேற்ப அடுக்கிக் கட்டியிருப்பார். ஆகவே இன்று கட்டில் உள்ள வரிசை, ஏட்டெண்ணின் வரிசை, பதிப்பாளர் கருதும் வரிசை என மூன்று வேறு வரிசைகள் ஒரே சுவடிக்கு இருக்கலாம். புரளும் நூல் இவற்றுள் ஒன்றை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிவிடுகிறது. மாணவர் அதை மூலம் என்றே நம்புவார்.

நூலகங்கள் தம் படங்களைப் பகிர 2011 முதல் வளர்த்துவரும் ஐ.ஐ.ஐ.எஃப். என்னும் பன்னாட்டுத் தரத்தில் இதற்கு வழி உண்டு. ஒரு சான்று பக்கமாகப் புரள்வதா, சுருளாகத் தொடர்வதா, தனித்தனிப் படமா என்பதை விவரக்கோப்பில் குறிக்கலாம். படிக்கும் திசை இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா, மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதையும் குறிக்கலாம். பீம்சேனுக்கு ஒரு திசை, மார்த்தேனுக்கு ஒரு திசை, ஓலைக்கு ஒரு திசை என ஒரே பாடத்துக்குள் அமைக்க முடியும். 2020இல் வெளிவந்த அத்தரத்தின் மூன்றாம் பதிப்பில் ஒரே பொருளுக்கு மாற்று வரிசைகளையும் தனித்தனியே பதிந்து வைக்கலாம். கட்டில் உள்ளபடி ஒருமுறையும், ஏட்டெண்ணின்படி ஒருமுறையும், பதிப்பாளர் கொண்டபடி ஒருமுறையும் அதே ஓலைகளைக் கவிழ்த்துப் பார்க்கும் மாணவர், மூன்றாவது வரிசையில் எந்த ஓலை எதற்காக இடம்பெயர்ந்தது எனக் கேட்கத் தொடங்குவார்.